நஜிமுதீனின் வலது கால்

என் வீட்டுக்காரர் நஜிமுதீனுக்குக் குனிய உடம்பு வணங்காது. சோற்றுக் கரண்டி கீழே விழுந்தால் வலது கால் விரல்களால் கவ்வித் தூக்கிக் கையில் வாங்கிக்கொள்வார். "குரங்கா நீங்க?" என்று நான் கத்தாத நாளில்லை. அந்த வித்தை அவருக்குப் பூனா கோல்ஃப் மைதானத்தில் படிந்தது.

அங்கே அவர் ஆகேவாலா. ஆட்டக்காரர்களுக்கு முன்னால் ஓடிப்போய், பந்து விழுந்த இடத்தைப் பார்த்து அதன் பக்கத்தில் நிற்கிற ஆள். மேட்டுக்குப் பின்னால் நடப்பது அடிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. பந்து கெட்ட இடத்தில் கிடந்தால், வானத்தைப் பார்த்துக்கொண்டே விரலால் கவ்வி நல்ல புல்லில் வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பணக்காரர்களுக்கு இவரும் வைத்திருக்கிறார், யாருக்கென்ன நஷ்டம்.

முத்தா ஓப்பன் வேறு. தொண்ணூற்று மூன்றில் தொடங்கிய பெரிய போட்டி. பை சுமக்கிறவர்களும் ஆகேவாலாக்களுமான எங்கள் தெருவே அந்த ஒரு வாரக் கூலியை நம்பித்தான் இருந்தது. 2002இல் நடத்திய கம்பெனிக்குச் சலித்துவிட்டது. உள்ளூர்க்காரன் ஜெயித்தால் மட்டும் அடுத்த வருடமும் நடத்துவார்களாம். உள்ளூர்க்காரன் என்றால் நிர்மல், எங்கள் தெருவில் வளர்ந்து ஆட்டக்காரனானவன். அவன் பையைச் சுமந்தது என் தம்பி இஜாஸ்.

கடைசி நாள், கடைசிக் குழி. குறைந்த அடியில் முடிப்பவனுக்குத்தான் ஜெயம்; நிர்மல் ஓர் அடி குறைவாக ஆடி முன்னால் இருந்தான். நாங்கள் பெண்கள் மேட்டுக்கு இந்தப் பக்கம், பந்து வந்து விழுகிற பக்கம், கயிற்றோரம் நின்றோம். மேட்டைத் தாண்டி வந்த பந்து வலப்பக்கம் ஒதுங்கி உண்ணிச்செடிப் புதருக்கடியில் போய்ப் புகுந்தது. அடிக்கவே முடியாத இடம். ஒரு முழம் தள்ளி நல்ல புல்.

அன்றைக்கு அவனுக்கு ஆகேவாலா என் வீட்டுக்காரர்தான். புதரருகே போய் நின்றார். மேட்டில் இன்னும் ஒரு தலையும் தெரியவில்லை. வலது கால் செருப்பைவிட்டு மெல்ல வெளியே வந்தது. அந்தக் காலின் சேதி அந்தப் பெண்கள் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். எடுத்து வைத்துத் தொலையுங்கள் என்று ஒரு மனம், பாவி மனுஷா வேண்டாம் என்று ஒரு மனம். விரல்கள் விரிந்தன, அப்படியே நின்றன. பிறகு கால் செருப்புக்குள் போனது. நிர்மலின் தொப்பி மேட்டில் தெரிந்தது அதற்கப்புறம்தான், எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அவர் கையை உயர்த்திப் புதரைக் காட்டினார்.

நிர்மல் ஓர் அபராத அடியோடு பந்தை வெளியே எடுத்து ஆடினான். ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் தோற்றான்.

மைதான வாசலில் இஜாஸ் இவர் சட்டையைப் பிடித்துவிட்டான். "ஒரு விரலு மச்சான். ஒரே ஒரு விரலு அசைஞ்சிருந்தா போதுமே."

"நான் அங்க நிக்கிறேன்னு நம்பித்தாண்டா அந்தப் புள்ள கண்ணுக்குத் தெரியாத எடத்துக்கு அடிச்சான்," என்றார்.

அடுத்த வருடம் போட்டி இல்லை. அதற்கப்புறமும் இல்லை. தெருவில் பாதிப்பேர் எங்களுக்குச் சலாம் சொல்வதையே நிறுத்தினார்கள். இஜாஸ் ரஞ்சன்காவ் ஆலைக்கு வேலைக்குப் போனான், பெருநாளுக்குக்கூட வரவில்லை. மச்சான் மச்சான் என்று உயிரை விட்டவன்! எனக்கு எல்லார் மேலும் ஆத்திரம், இவர் மேலும்தான்.

ஒரு மதியம் சோறு போடும்போது கரண்டி நழுவி விழுந்தது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து கையால் எடுத்தார். அந்தப் போட்டிக்குப் பிறகு அவர் காலால் எதையும் எடுத்து நான் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"காலாலயே எடுத்தா என்னவாம்?" என்றேன், குரங்கா என்று கத்திய அதே வாயால்.

அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

"சோத்தப் போடு குல்சும்."