முந்திரிக்கொட்டையும் இரண்டு முன்பற்களும்

பல் கட்டுபவர் கடைத்தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பார்கள். அவர் கட்டிக்கொடுத்த பல்லை அவரிடம் காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவது? அவருடைய பல் செட் ஒன்று, போட்டிருந்தவர் தும்மிய வேகத்தில் எதிர்வீட்டு மாடிக்குப் பறந்து, கீறல்கூட விழாமல் திரும்பி வந்ததாம். பறந்தது உண்மை. கீறல் விஷயம் அவராகச் சேர்த்துக்கொண்டது.

இத்தனை பேர் வாயில் இருந்தவருக்கு ‘முந்திரிக்கொட்டை’ என்று பெயர் விழுந்தது ஒரே ஒரு சாயங்காலத்தால்.

அவர் மனைவியின் அண்ணன் கிளாரினெட் வாசிப்பவர். முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால் தனியாக நின்று, இருநூறு வருஷப் பழைய இசை ஒன்றை வாசிக்க அவருக்கு வாய்ப்பு வந்தது. வந்த கையோடு மனிதர் சைக்கிளிலிருந்து விழுந்து, மேல்வரிசை முன்பற்கள் இரண்டையும் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தார். கிளாரினெட்டை மேலிருந்து அழுத்திப் பிடிப்பதே அந்தப் பற்கள்தான்.

“மாப்ள, உன் பல்லு மேடையில கழண்டுச்சுன்னு வை, கிளாரினெட்டை உன் வாயில சொருகிட்டுத்தான் இறங்குவேன்.”

“சொருகுங்க மச்சான். என்னுது சொந்தப் பல்லு, ஆடாது.”

ஆனால் முதலில் கட்டிய செட் சாப்பாட்டுக்குத்தான் சரியாக இருந்தது, வாசித்தால் ஆடியது. வாயை மூடவைத்து மெழுகில் கடி எடுத்ததுதான் தப்பு. அடுத்த தடவை கிளாரினெட்டையே கடிக்கவைத்து அளவெடுத்தார். மச்சானைப் பட்டறையில் உட்காரவைத்து, அவர் வாசிக்க வாசிக்க, ஆடிய இடத்தை அரம் போட்டுத் தேய்த்தார். காத்திருந்தவர்களுக்கெல்லாம் பல்வலி தானாகப் போய்விட்டது என்று பிற்பாடு சொன்னதை அவர் மனைவியே நம்பவில்லை.

கச்சேரிக்குக் கிளம்பும்போதே அவள் சொல்லிவைத்தாள்: “நடுவுல தட்டக்கூடாதுங்க. மூணு பாகமும் முடிஞ்சாத்தான். கையைத் தொடைக்கடியில வெச்சுக்குங்க.”

வைத்துக்கொண்டார். முதல் பாகம் ஓட்டமாக ஓடியது. இரண்டாவது பாகம் மெதுவானது. மூச்சை இழுத்து இழுத்து வாசிக்க வேண்டும், பல் நழுவினால் அங்கேதான் நழுவும். சுற்றி இத்தனை வயலின்கள் இருந்தும் அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. மச்சானின் மேலுதட்டையே பார்த்துக்கொண்டு, தன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசிச் சுரம் நூலாக மெலிந்து, அறாமல் நின்று, அடங்கியது.

பல் நின்றுவிட்டது!

தொடைக்கடியிலிருந்த கைகள் எப்படி வெளியே வந்தன என்று அவருக்குத் தெரியாது. மூச்சுவிடும் சத்தம்கூட இல்லாத அரங்கில் பட் பட்டென்று ஒற்றை ஆளாகத் தட்டினார்.

“ஐயோ, முந்திரிக்கொட்டை!” மனைவி தலையிலடித்துக்கொண்டது கடைசி வரிசைவரை கேட்டது. மேடையில் மச்சான் இரண்டு புதுப்பற்களும் தெரியச் சிரித்துவிட்டார். மூன்றாம் பாகத்தை அந்தச் சிரிப்போடுதான் வாசித்தார்.

மச்சான் போய்ச் சில வருஷங்களாகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை வானொலியில் அந்தக் கச்சேரியின் பழைய ஒலிப்பதிவைப் போட்டார்கள். புருஷனும் மனைவியும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இரண்டாம் பாகம் முடிந்தது. ஒரே அமைதி.

“எங்கங்க, உங்க தட்டலைக் காணோம்?”

“வெட்டிட்டாங்கடி.”

“அதெப்படி? அண்ணன் சிரிக்கணுமே. தட்டுங்க!”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கைகளைத் தூக்குவதற்குள் மூன்றாம் பாகம் தொடங்கிவிட்டது. இருந்தாலும் தட்டினார்.

“இன்னைக்குப் பார்த்து லேட்டு,” என்று சொல்லி, அவள் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.