மண் மட்டும் அவர்களுடையது

எங்கள் சனங்களிடம் ஒரு கேள்வி உண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, சுவரையும் கூரையையும் கண்ணால் ஒருமுறை அளந்துவிட்டு, மெதுவாகக் கேட்பார்கள்: "சொந்த வீடுதானே?" இதற்கு ஆமாம், இல்லை என்று இரண்டு பதில்தான் உண்டு என்பது கேட்பவர்களின் நினைப்பு. பினாங்கில் என்னைப் போன்றவர்களுக்கு மூன்றாவது பதில் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் வந்தவர்கள் காப்பியை மீதி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

கம்பம் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பு தண்ணீர்மலைக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சரிவில் இருக்கிறது. வீடுகளைக் கட்டியவர்கள் நாங்கள். மண் வேறொரு குடும்பத்துடையது. அவர்களில் யாரையும் நான் பார்த்ததில்லை. மாதாமாதம் அவர்களுடைய ஆளிடம் தரை வாடகை கட்டுவோம், அவ்வளவுதான். அப்பா கட்டிய பலகை வீட்டின் முன்பக்கத்தைக் கல் வீடாக மாற்றியது நான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறி மாறி நின்று சம்பாதித்த காசு அது. டைல்ஸ் போட்டதும் நான்தான். தண்ணீர் பில், கரண்டு பில் எல்லாம் என் பெயரில் வருகிறது. பிறகு இது சொந்த வீடு இல்லாமல் வேறென்ன என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மகளைப் பெண் கேட்டு, கடலுக்கு அந்தக் கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து வந்தவர்களிடமும் அப்படித்தான் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா தலையை ஆட்டி, "நாங்களும் சொந்த வீடுதான்" என்றார். பெரிய பாரம் இறங்கியதுபோல் இரண்டு பேரும் சிரித்தோம். பரிசத்துக்கு நாள் பார்த்தோம்.

பரிசத்துக்கு முன்னால் மண்ணை விற்றுவிட்டார்கள். புதிதாக வாங்கிய நிறுவனத்திடமிருந்து கம்பம் முழுவதற்கும் நோட்டீஸ் வந்தது. காலி செய்ய வேண்டுமாம். எங்களுக்காகக் காசு வாங்காமல் அலைந்த ஒரு வக்கீல் பெண்ணிடம் போய் நின்றோம். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"வீடு நீங்க கட்டினதுதான் அண்ணே, யாரும் இல்லன்னு சொல்லல. ஆனா சட்டம் மண்ணத்தான் பாக்குது. மண்ணுமேல நிக்கிறதெல்லாம் கெரான்ல பேரு இருக்கறவங்களுக்குத்தான்."

கெரான் என்றால் நிலத்துக்கான உரிமைப் பத்திரம். அதில் எங்கள் பெயர் இல்லை. இத்தனை வருடம் நான் டைல்ஸ் துடைத்துத் துடைத்துப் பெருமைப்பட்டது இன்னொருவர் தரையில் என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. கோபத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. ஏமாந்தவனுக்கு வருகிற வெட்கம்.

சட்டத்தையே மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்றாள் அவள். மண்ணை விற்பதானால் அங்கே வீடு கட்டி இருப்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். அவர்களால் வாங்க முடியாவிட்டால் மாற்று வீடு கொடுக்காமல் கிளப்பக் கூடாது. இந்த இரண்டையும் எழுதி வைத்திருந்தாள். மாநிலம் முழுவதிலும் எங்களைப் போல் இருக்கிறவர்களைக் கூட்டி, அதிகாரிகளுக்கு முன்னால் பேச வைக்க ஒரு மண்டபமும் பிடித்திருந்தாள். அதற்காக என்னைத் தேடி வீட்டுக்கே வந்தாள்.

"நீங்க பேசுங்க அண்ணே. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல்ல நீங்க மைக் புடிச்சா மலை உச்சிவரைக்கும் கேக்குதாம்."

"தொண்டை சரியில்லம்மா" என்றேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "காலையில குப்பை லாரிக்காரன்கூடச் சண்டை போட்டப்ப நல்லாத்தானே இருந்துச்சு."

தொண்டைக்கு ஒன்றுமில்லை. கூட்டத்தைப் பேஸ்புக்கில் நேரடியாகக் காட்டப் போகிறார்கள். தமிழ்ப் பேப்பர்க்காரர்களும் வருவார்கள். என் சம்பந்தி பேப்பரை எழுத்துவிடாமல் படிக்கிறவர். 'மண் இல்லாதவர்' என்று என் படத்தைப் போட்டால் மகளின் பரிசம் என்ன ஆகும்? மகளிடமே சொன்னபோது, "சொல்லிருங்கப்பா, என்ன இப்ப?" என்றாள். பெற்றவனுக்குத்தானே தெரியும் என்று வாயை அடைத்துவிட்டேன்.

பேச ஒத்துக்கொண்டது பக்கத்து வீட்டு அக்கா. பாசாரில், அதாவது சந்தையில், தோசைக் கடை போடுகிறவர். "நான் ஆரம்பிக்கிறேன். தடுமாறினா நீ எடுத்துக்க தம்பி, பின்னாலயே இரு" என்றார். அதற்கு மட்டும் தலையாட்டினேன்.

மண்டபத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். நாற்காலியைத் தூணுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டு நிமிர்ந்தால், அதே வரிசையில், சுவரோரமாக, என் சம்பந்தி. இரண்டு பேருக்கும் முகத்தில் ஈயாடவில்லை.

"சும்மாதான் வந்தேன் சம்பந்தி" என்றார் அவர். "கூட்டாளி ஒருத்தர் கூப்ட்டாரு."

"நானும் சும்மாதான் லா. வீட்டுல போரடிச்சுச்சு."

இந்தப் பக்கம் போரடித்தால் ஆட்கள் மலையேறப் போவார்கள், கடற்கரைக்குப் போவார்கள். நிலச் சட்டக் கூட்டத்துக்கு யார் போவார்கள்? அவர் அதைக் கேட்கவில்லை. அவருடைய கூட்டாளி எங்கே என்று நானும் கேட்கவில்லை.

அக்காவை அழைத்தார்கள். நல்ல சேலை கட்டி வந்திருந்தார். எந்த வருடம் வீடு கட்டினோம், யார் யார் அங்கே பிறந்தோம் என்று நன்றாகத்தான் தொடங்கினார். அதிகாரி ஒருவர் மலாயில் இடைமறித்தார். ஒரு வீட்டின் பிரச்சினை என்றால் உதவி மனு எழுதித் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். சட்டத்தைத் தொட வேண்டுமானால் இது ஒரு வீட்டின் கதை இல்லை என்று அதிகாரிகளுக்குத் தெரிய வேண்டும் என்றார். உங்கள் கம்பத்திலிருந்து வேறு யார் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். குரலில் எந்தக் கடுமையும் இல்லை. நியாயமான கேள்விதான்.

மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள், அல்லது என்னைப் போல் அவர்களுக்கும் தொண்டை சரியில்லை. அக்கா திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு தெம்பு வந்தது.

"இருக்காரே. பின்னால, தூணுகிட்ட. எங்க பக்கத்து வீட்டுத் தம்பி. அவரு சொல்லுவாரு."

எல்லாத் தலைகளும் திரும்பின. யாரோ மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். எழுந்து நின்றேன். சம்பந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவும் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் ஆதரவு குடுக்க வந்தேன்" என்றேன். "அவங்க கம்பத்துக்கு ஒரு நல்லது நடக்கணும்."

"நீங்கள் அங்கே குடியிருக்கவில்லையா?" என்று அதிகாரி கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். வாயால் சொல்லக்கூடத் தைரியம் வரவில்லை.

அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நான் தப்பாப் பாத்துட்டேன் போல, கண்ணு சரியாத் தெரியல" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு, மற்றதையும் தடுமாறித் தடுமாறித் தானே சொல்லி முடித்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். கத்துவது எனக்குக் கைவந்த கலை. அவரோ என் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றினார். வக்கீல் பெண் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை.

கூட்டம் முடிந்ததும் சம்பந்தியை பெர்ரித் துறைவரை காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னேன். மரியாதைக்குத்தான். துறையை நெருங்கும்போது ஜாமில் மாட்டிக்கொண்டோம். அப்போது அவர் சன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"எங்களுக்குத் தீபாவளிவரைக்கும்தான் டைம் குடுத்திருக்காங்க."

"எதுக்கு?"

"வீட்ட ஒடைக்கிறதுக்கு. எங்க மண்ணையும் வித்துட்டாங்க சம்பந்தி."

அவரே தொடர்ந்தார்.

"உங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கே தெரியும். ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் வேலி இல்ல. எங்க கம்பம் மாதிரியேதான் இருந்துச்சு."

"அப்ப ஏன் சொந்த வீடான்னு கேட்டீங்க?"

"கேக்கணும்ல. கேக்கலன்னா நம்மகிட்டதான் ஏதோ குறைன்னு நெனைச்சுருவாங்க."

சிரிப்பு வர வேண்டிய இடம். இரண்டு பேருக்குமே வரவில்லை. கார் கொஞ்சம் நகர்ந்தது.

"இன்னிக்கி நான் பேசணும்னுதான் வந்தேன்" என்றார். "உங்களப் பாத்ததும் மனசு விட்டுப்போச்சு. அப்புறம் அந்த அம்மா உங்களக் கைகாட்டினாங்கல்ல? மைக் உங்க கைக்கு வந்ததும், சரி, இவரு சொல்லிருவாரு, சொன்னதும் நாமளும் எந்திரிச்சு சொல்லிரலாம்னு, கழட்டிப் போட்டிருந்த செருப்பை எல்லாம் மாட்டிக்கிட்டு ரெடியா இருந்தேன்."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். துறை வந்ததும் கதவைத் திறந்து இறங்கி, குனிந்து, "பாத்துப் போங்க" என்றார். பைக்குகளுக்கு நடுவே நடந்து பெர்ரிக்குப் போகும் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

என் வீட்டுக்குப் போக வேண்டுமானால் அக்காவின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.