பலகையைத் தொடாமல் வெட்டிய பறம்பு

1975 மார்ச், முதல் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடியில் ஏரல் பஸ் ஏறினேன். டிக்கெட் ஒரு ரூபாய் பத்துப் பைசா. பையில் ஒரு பானை ஓட்டுச் சில்லு. உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. நான் வேலை பார்க்கும் பள்ளி முற்றத்தில் புதிதாகப் பரப்பிய சரளில் கிடந்தது. லாரிக்காரரைக் கேட்டதற்கு, ஏரலுக்கு மேற்கேயுள்ள சரள் மேட்டில், பறம்பில், வெட்டியது என்றார். அந்தக் காலத்து மக்கள் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம் அது. அரசு பாதுகாப்பதாகக் கல்லூரியில் படித்திருந்தேன்.

எட்டேகாலுக்கு ஏரல். ஆற்றோரமாக மூன்று மைல் நடந்தேன்.

பறம்பில் பாதியைக் காணவில்லை. ஆளுயரப் பள்ளத்தின் நடுவே வெட்டாமல் விட்ட ஒரு மண் தூண். அதன் உச்சியில் தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பலகை.

அங்கே ஆள் வைத்துச் சரள் வெட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் ஆசிரியை என்று சொல்லிக்கொண்டு கேட்டேன். “அந்த போர்டுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா, அண்ணாச்சி?”

“தெரியாம என்ன, டீச்சரம்மா. போர்டுல கை வைக்கப்படாதுன்னு சொல்லியிருக்காவ. வச்சோமா? சுத்தி அஞ்சடி விட்டுல்லா வெட்டுதோம்.”

வெட்டுமுகத்தில் தாழிகள் பிளந்து கிடந்தன. ஒன்று மட்டும் முழுசு. கழுத்தைச் சுற்றி விரல் பதித்த சங்கிலிக் கோலம். உள்ளே மண்ணோடு எலும்பு. இசக்கி என்ற பெண் அதன் அருகே மண்வெட்டியை ஓங்கியிருந்தாள். என் அம்மா உப்பளத்தில் சுமந்தது போன்ற ஓலைப்பெட்டிதான் அவள் காலடியிலும் இருந்தது. எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கற்றவள் நான். பலகையிலோ இங்கிலீஷும் இந்தியும் மட்டுமே. அதில் இருந்ததை உரக்கத் தமிழில் சொன்னேன்: இது பழங்காலத்துப் புதைகாடு, தோண்டக் கூடாது.

“பொணம் பொதைச்ச எடமா? இம்புட்டு நாளா ஒருத்தரும் சொல்லலியே.” இசக்கி தாழியை விட்டு விலகினாள்.

“ஏளா இசக்கி, லாரி நிக்கி,” என்று மேஸ்திரி அதட்டினார்.

“அந்தப் பக்கம் வெட்டுதேன். இத நான் தொடமாட்டேன்.”

அந்த ஒரு தாழியாவது தப்பும் என்ற நம்பிக்கையோடு மாலை பஸ்ஸில் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு இன்னொரு லாரி சரள் வந்தது. சங்கிலிக் கோலம் போட்ட அந்தத் தாழியின் கழுத்து நான்கு துண்டுகளாக அதில் இருந்தது. வேறு யாரையாவது விட்டு உடைத்திருப்பார்கள்.

சில்லுகளைப் பொறுக்கி ஓலைப்பெட்டியில் நிரப்பினேன். பலகை நட்ட அலுவலகத்துக்கு அதை அனுப்பினேன். கூடவே இரண்டு வரி எழுதினேன்: “உங்கள் பலகையில் ஒரு கீறலும் இல்லை. பறம்பு இந்தப் பெட்டியில் இருக்கிறது.”