சாமை மெஷின் முன்னால் என் கண்கள்

வலது கண்ணில் மணல் விழுந்ததுபோல் இருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து தண்ணீர் அடித்துக் கழுவினேன், போகவில்லை. மூட்டை தைத்துக்கொண்டிருந்த செல்வியிடம் இமையைப் பிரித்துக் காட்டினேன்.

"ஒண்ணும் இல்லக்கா, சும்மா செவந்து கீது," என்றாள்.

உமி இல்லை, தூசி இல்லை. ஆனாலும் உறுத்தியது. மறுநாள் இடது கண்ணும் சேர்ந்துகொண்டது. அது தை மாதம், அறுவடையான சாமை மூட்டை மூட்டையாக வந்து குவிந்திருந்த நேரம்.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் குழு ஒரு சாமை மில் நடத்துகிறது. உமி நீக்கும் மெஷினை ஓட்டுவது நான். ஒன்பது வருடமாக மில்லின் சாவி என்னிடம்தான். எனக்கு வயது நாற்பத்தாறு. சீட்டில் 'உலர் கண்' என்று எழுதி வாங்கிவந்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. இன்னும் கோபம்தான் வருகிறது, ஆகவே கோபத்தோடே எழுதுகிறேன்.

உறுத்தல் வந்த பத்தாம் நாளிலிருந்து கண்ணில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. காற்றடித்தால் கொட்டும், அடுப்பு முன்னால் நின்றால் கொட்டும். கொட்டும்போதெல்லாம் எரியும். என் வீட்டுக்காரர் தேன் எடுக்கப் போகிறவர். எங்கள் மலைத் தேனைப் போளூரிலும் செங்கத்திலும் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வெட்டுக்காயமா, தேன். இருமலா, தேன். கண்ணென்றால் மட்டும் விடுவோமா?

"ஒரு சொட்டு வுடு. அழுக்கெல்லாம் வெளிய வந்துரும்," என்றார்.

விட்டேன். மிளகாய் பட்டதுபோல் எரிந்தது. குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. "பாத்தியா, எப்டி வருது," என்று அவருக்கு மகிழ்ச்சி. எனக்கும்தான். எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைக்கும் சாதி நாங்கள். ஒன்பது நாள் விட்டேன். ஒன்பதாம் நாள் இமை வீங்கிக் கண்ணைத் திறக்க முடியவில்லை. காய்ச்சாத, வடிகட்டாத தேன், அதில் என்னென்ன இருந்ததோ. கண் போகாமல் தப்பியது அதிர்ஷ்டம். இதைப் படிக்கிறவர்கள் தேனை நாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் வைக்காதீர்கள்.

மாசி கடைசியில் மலையிறங்கி ஒரு கண் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். வீக்கத்துக்கு மருந்து கொடுத்தார். அடுத்த வாரம் வரச் சொல்லி, வந்ததும் 'உலர் கண்' என்றார்.

"சார், தண்ணி கொட்டுதுங்க. ஒலர்ந்துபோச்சுன்னு சொல்றீங்களே," என்றேன்.

"அப்படித்தான் இருக்கும். போன் நிறைய பாக்கறீங்களா?"

"இல்லீங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க."

என் மடியில் இருந்தது பட்டன் போன். அதை எடுத்து அவர் மேஜைமேல் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. இன்றுவரை அதற்காக என்னையே திட்டிக்கொள்கிறேன்.

எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "ஜவ்வாது மலையா? சாமையும் கீரையும் சாப்பிடற ஆளுங்க. உங்களுக்குச் சத்துக் குறைவே வரக் கூடாதே," என்று சிரித்தார். பிறகு, சிறுதானியம் சேர்க்கவும், கீரை சேர்க்கவும், நிறையத் தண்ணீர் குடிக்கவும் என்று எழுதி, மீன் எண்ணெய் மாத்திரையும் சொட்டு மருந்தும் கொடுத்து அனுப்பினார்.

பஸ்ஸில் திரும்பும்போது வளைவுக்கு வளைவு கோபம் ஏறியது. நாள் முழுதும் என் கை வழியாகச் சாமை போகிறது. மூட்டை கட்டி, வேளாவேளைக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளும் டவுன்காரர்களுக்கு அனுப்புகிறோம். எங்கள் வீட்டுப் பானையில் கொதிப்பது ரேஷன் அரிசி. சாமை எங்கள் வீட்டுக்கு வருவது பொங்கலுக்கும் சாமி கும்பிடும் நாளுக்கும்தான். எனக்குச் சாமை சாப்பிடச் சொல்லி ஒருவர் சீட்டு எழுதுகிறார், அதை நான் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறேன்.

அடுத்தது தண்ணீர். எங்கள் மில்லில் கக்கூஸ் இல்லை. மெஷின் இருக்கிறது, எடை போடும் தராசு இருக்கிறது, பெயர்ப் பலகை இருக்கிறது. கக்கூஸ் இல்லை. பின்னால் இருந்த புதரையும் மில் வந்த வருடமே ரோடு போட வெட்டிவிட்டார்கள். காலை எட்டு மணிக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் வீடு. ஆகவே காலையில் ஒரு டீ, மதியம் சோற்றோடு அரைத் தம்ளர் தண்ணீர். ஒன்பது வருடமும் இப்படித்தான். நிறையத் தண்ணீர் குடிக்கவும் என்று எழுதுவது சுலபம். குடித்துவிட்டு எங்கே போவது என்று எந்தச் சீட்டிலும் எழுதுவதில்லை.

மாத்திரையை ஒழுங்காக விழுங்கினேன். ஏப்பம் விட்டால் கருவாட்டு வாடை வந்தது. சொட்டு மருந்து விட்ட பத்து நிமிடம் குளிர்ச்சியாக இருக்கும், பிறகு பழைய மணல். சித்திரையில் பார்வையே மங்கி மங்கித் தெளிந்தது. இமைத்தால் தெளியும், அடுத்த நொடி கலங்கும்.

அந்த மாதம்தான் மூட்டைகள் திரும்பி வந்தன. வாங்கியவர் சாமை அரிசியில் உமி போகாத மணியும் கல்லும் கலந்திருப்பதாகச் சொல்லித் திருப்பிவிட்டார். சாமை மணி கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கீழே அரிசி விழும் வாயைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தவறு தெரியும். அந்தக் கண் எனக்கு இல்லை.

குழுத் தலைவி குப்பம்மாக்கா கூட்டத்தைக் கூட்டினார். என்னைவிடப் பத்து வயது பெரியவர், மில்லுக்குப் பக்கத்து வீடு. மெஷின் வந்த நாளில் எனக்குச் சாவி கொடுத்தவரும் அவர்தான்.

"உம் மேல கோவம் இல்லம்மா. ஆனா கண்ணு தெரியாதவகிட்ட மெஷினை எப்டி வுடறது? கையி உள்ள போச்சுன்னா இன்னா பண்ணுவே? ஆடி மாசக் கூட்டம் வரைக்கும் பாக்கலாம். செல்வி உன்கூட நின்னு கத்துக்கட்டும். சரியாவலன்னா சாவியை அவகிட்ட குடுத்துரு."

செல்வி அவருடைய மருமகள். அதனால் சொல்கிறார் என்று வீட்டில் வந்து கத்தினேன். அது அநியாயம் என்று எனக்கே தெரியும். அந்தச் சாவி போனால் நான் பழையபடி மழைக்காலத்தில் களையெடுக்கவும், மற்ற நாளில் அடுத்தவர் வீட்டுப் புளி உடைக்கவும் போக வேண்டும். மெஷின் சத்தம் வைத்தே எந்தப் பக்கம் இறுக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

வைகாசியில் வேலூர்ப் பக்கம் இருக்கும் இன்னொரு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரைப் பார்க்குமுன் ரேவதி என்று ஒரு கண் பரிசோதகர் உட்காரவைத்தார். கண்ணமங்கலத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். கீழ் இமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகிக் கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று அளந்தார். மஞ்சள் சாயம் விட்டு நீல விளக்கில் பார்த்தார். டியர் ஃபிலிம் (விழிமேல் மெல்லிசாகப் படரும் கண்ணீர்ப் படலம்) எத்தனை நொடி தாங்குகிறது என்று எண்ணினார்.

"நாலு நொடிதான் நிக்குதுங்க. அப்புறம் கிழிஞ்சிடுது. கண்ணு காஞ்சுபோறதால ஒடம்பு பயந்துபோயி மொத்தமா தண்ணியை ஊத்துது. அது வெறும் தண்ணி, நிக்காம வழிஞ்சு போயிடும்," என்றார்.

தண்ணீர் கொட்டும் கண்ணை உலர்ந்த கண் என்பது ஏன் என்று நான்கு மாதத்தில் எனக்குச் சொன்ன முதல் ஆள் அவர். மெய்போமியன் சுரப்பி (இமை விளிம்பில் எண்ணெய் சுரக்கும் சின்னத் துளைகள்) அடைத்திருப்பதையும் கண்ணாடியில் காட்டினார். அந்த எண்ணெய்தான் கண்ணீரைக் காயாமல் பிடித்து வைக்குமாம். மாதவிடாய் நிற்கும் வயதும் ஒரு காரணம் என்றார்.

பிறகு, எனக்கு இன்றும் மறக்காத கேள்வியைக் கேட்டார்.

"எங்க ஒக்காந்து வேலை செய்வீங்க? இந்த நாற்காலியை மெஷின்னு வெச்சுக்கங்க. எனக்குச் செஞ்சு காட்டுங்க. எங்கம்மா ரைஸ் மில்லுல இருந்தவங்க, அதான் கேக்கறேன்."

எழுந்து நின்று காட்டினேன். இங்கே மேலே கொட்டுவோம், இங்கே அரிசி விழும், இந்தப் பக்கம் உமி பறக்கும், இங்கே நான் குனிந்து பார்ப்பேன், இங்கே ஃபேன்.

"ஃபேன் எந்தப் பக்கம் பாத்து ஓடுது?"

"என் மூஞ்சியத்தான். உமி கண்ணுல படக் கூடாதுன்னு வெச்சிருக்கேன்."

"எத்தினி வருசமா?"

"மூணு வருசமா."

"காலைலருந்து சாயங்காலம் வரைக்குமா?"

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஈரத் துணியை உலர்த்தக்கூட நாங்கள் ஃபேனை அவ்வளவு கிட்டத்தில் வைப்பதில்லை. நான் இமைக்காமல் குனிந்து பார்க்க, அது என் கண்ணை நாளெல்லாம் காயவைத்திருக்கிறது. அந்த ஃபேனைக் கேட்டு இரண்டு கூட்டத்தில் சண்டை போட்டவள் நான். அதை அந்த இடத்தில் வைத்தவளும் நான். அதுவரை டாக்டர்மேலும் குப்பம்மாக்காமேலும் வீட்டுக்காரர்மேலும் பங்குபோட்டுக் கொடுத்திருந்த கோபம் மொத்தமும் என் தலையில் வந்து விழுந்தது. ரேவதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உள்ளே இருந்த டாக்டரம்மா மாத்திரையைப் பற்றி நேராகப் பேசினார். "சிலருக்கு உதவுது, சிலருக்கு இல்லம்மா. மீன் கெடச்சா மீனே சாப்பிடுங்க. மாத்திரையை நம்பி மத்ததை வுட்டுடாதீங்க." பதப்படுத்தும் மருந்து கலக்காத சொட்டு மருந்தை எழுதினார், அடிக்கடி விட்டாலும் கண்ணைக் கெடுக்காதாம். கார்னியாவில் (கருவிழிமேல் கண்ணாடிபோல் இருக்கும் தோல்) சின்னச் சின்னப் புண்கள் இருப்பதாகவும், ஆறிவிடும் என்றும் சொன்னார். முழுசாகக் குணமாகுமா என்று கேட்டேன். "பாத்துக்கணும். இது பாத்துக்கற நோவு," என்றார்.

பார்த்துக்கொள்ளத் தொடங்கினேன். ஃபேனைத் தூக்கி எனக்குப் பின்னால், பக்கவாட்டில் வைத்தேன். உமி கதவு வழியே வெளியே பறந்தது. மூன்று வருடத்துக்கு முன்பே அப்படி வைத்திருக்கலாம். பக்கம் மூடிய கண்ணாடி ஒன்று போட்டுக்கொண்டேன், பசங்கள் பைக் ஓட்டும்போது போடுவது. காலையில் கைப்பிடிச் சாமையைத் துணிப்பையில் தைத்து, தோசைக்கல்லில் லேசாகச் சூடாக்கி, புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, மூடிய கண்மேல் பத்து நிமிடம் வைப்பேன். பிறகு இமை விளிம்பை மெதுவாக நீவித் துடைப்பேன். அடைத்த எண்ணெய் இளகும்.

வீட்டில் ஒரு மரக்கால் சாமை எனக்கென்று எடுத்து வைத்தேன். "விக்கறதை யாராவது திம்பாங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "நான் திம்பேன்," என்றேன். வாரம் ஒருநாள் மலையேறி வரும் மீன்வண்டியில் மத்தி வாங்கினேன். கொல்லை ஓரத்துக் கீரை, வேர்க்கடலை, முட்டை. இதனால்தான் கண் தேறியது என்று சத்தியம் செய்ய மாட்டேன். உடம்பு தேறியது, அது தெரிந்தது.

மிகக் கடினமானது இமைப்பதுதான். சிரிக்காதீர்கள். நாற்பத்தாறு வயதில் இமைக்கக் கற்றுக்கொண்டேன். முழுசாக மூட வேண்டும், ஒரு நொடி இருக்க வேண்டும், திறக்க வேண்டும். முன்பெல்லாம் என் நாள் மூட்டைக் கணக்கில் போகும், காலையில் இத்தனை, மாலையில் இத்தனை. இப்போது நாளுக்குள் சின்னச் சின்னத் துண்டுகள் இருக்கின்றன. அரிசியைப் பார், மூடு, திற. மூடியிருக்கும் நேரத்தில் உள்ளங்கையில் அரிசியை ஏந்தி விரலால் நெருடிப் பார்த்தேன். உமி போகாத மணி விரலுக்குச் சொரசொரவென்று தெரிந்தது.

தண்ணீருக்கு மட்டும் வழி தெரியவில்லை. ஆடிக் கூட்டத்துக்கு அந்தக் கோபத்தோடுதான் போனேன். சாவியை முந்தானையில் முடிந்திருந்தேன். இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். செல்வியை அருகில் கூப்பிட்டு அவள் கண்ணை எல்லாருக்கும் காட்டினேன். நான் கண்ணைக் காட்ட மறுபடி வேலூர் போய்வந்த நாட்களில் அவள் ஃபேனை மறுபடி முகத்துக்கு நேராக வைத்துத்தான் ஓட்டியிருக்கிறாள். இரண்டு கண்ணும் சிவந்திருந்தன.

"சாவியைக் குடுக்கறேன். ஆனா எதைச் சேத்துக் குடுக்கறேன்னு தெரிஞ்சுக்கங்க. இவ இங்க ஒம்போது மணி நேரம் நிப்பா. தண்ணி குடிக்க மாட்டா. ஏன்னு யாராவது கேக்கப் போறீங்களா? என்னை யாராவது கேட்டீங்களா?"

குப்பம்மாக்கா குனிந்து பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்குக் கேக்கணும்? எனக்குத் தெரியும். நானும்தான் குடிக்கறதில்ல. சந்தைக்குப் போற நாள்ல காலைலருந்து பச்சத் தண்ணி பல்லுல படாது. மூத்திரக் கடுப்பு வந்து ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தேன். ஒங்கிட்ட சொல்லல," என்றார்.

ஒருத்தி நானும் என்றாள். பின்வரிசையில் இன்னொருத்தி. பிறகு எண்ணவில்லை. இருபது பேரும் ஒரே தாகத்தோடு ஒன்பது வருடம் ஒரே பாயில் உட்கார்ந்து தீர்மானம் போட்டிருக்கிறோம்.

வைகாசிக்குப் பிறகு மூட்டை எதுவும் திரும்பி வராததால், சாவி என்னிடமே இருக்கட்டும் என்று முடிவானது. செல்வியும் நானும் மாற்றி மாற்றி ஓட்டுவது, இரண்டு மூட்டைக்கு ஒருமுறை மெஷினை நிறுத்துவது, கக்கூஸுக்கு மனு எழுதுவது. மனு எழுதியது நான்தான். இன்னும் கட்டவில்லை. அதுவரை குப்பம்மாக்கா வீட்டுக் கதவு எங்களுக்காகத் திறந்திருக்கிறது. "ஒம்போது வருசமா பத்தடி தூரத்துல வூடு இருந்துச்சே, அப்ப கூப்புட்டா இன்னா?" என்று அன்றே அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன். "நீ கேட்டா இன்னா?" என்றார் அவர்.

பதில் சொல்ல வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது. சோகத்தில் வந்த அழுகை இல்லை, அவ்வளவு ஆத்திரம். முந்தானையால் துடைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஏழு மாதத்தில் முதல்முறையாகக் கண்ணீர் எரியவில்லை. கண்ணை மூடாமல் அவரைப் பார்த்துக்கொண்டே அழுது முடித்தேன்.