அஞ்சலை இன்றுதான் சேர்ந்தாள்

அஞ்சலைக்கு நிஜமாகவே கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். அண்ணனூரில் அவள் தெருக்காரர்களுக்கு இது தெரியும். அவள் கத்துகிற வரைக்கும் பயமில்லை என்பார்கள். அன்று காலை அம்பத்தூர் எஸ்டேட்டில், கம்பெனி வாசலில் நின்று அவள் கத்திக்கொண்டுதான் இருந்தாள்.

பின்னே, கத்தாமல் என்ன செய்வாள்? பதினோரு வருடமாக அந்தக் கம்பெனியின் மூன்றாவது மாடிக்குக் காபியும் டீயும் போடுகிறவள். முகத்தைக் காட்டினால் திறக்கிற கதவு அன்று திறக்கவில்லை. 'இப்படி ஒருவர் இல்லை' என்று சிவப்பு எழுத்தில் காட்டியது.

"இன்னா தங்கராஜண்ணே, நான் இல்லியாமே. அப்ப இங்க நின்னுகினு கீறது யாரு?"

வாட்ச்மேன் தங்கராஜ் தினமும் அவள் கையால் டீ குடிக்கிறவர். ஆனால் கதவைத் திறக்கும் அதிகாரம் அவரிடமிருந்து மிஷினுக்குப் போய் ரொம்ப நாளாகிறது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு மாடிக்குப் போன் போட்டார்.

இத்தனைக்கும் அந்தக் கம்பெனியின் பிழைப்பே இதுதான். காலையில் ஒரு தடவை தன்னை யாரென்று காட்டிவிட்டால் போதும். மெயில், லீவு, சம்பளம் என்று எல்லா ஆப்பும் மறுபடி பாஸ்வேர்டு கேட்காமல் திறந்துகொள்ளும். அந்த வித்தையை ஊருக்கெல்லாம் விற்கிறவர்கள், சொந்த வாசலில் ஒரு பொம்பளையை யாரென்று தெரியாமல் நிற்க வைத்திருந்தார்கள்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு விஷால் இறங்கி வந்தான். இந்த லாகின் வேலையைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர். பொறுமையாகத்தான் சொன்னான்.

"அக்கா, கம்பெனிக்கு உங்களை நேரடியாத் தெரியாது. கான்ட்ராக்டர் 'இவங்க எங்க ஆளு'ன்னு சொல்வார், அவரை நம்பி நாங்க உள்ள விடுவோம். பழைய கான்ட்ராக்டரோட ஒப்பந்தம் நேத்தோட முடிஞ்சிடுச்சு. இனிமே அவர் சொல்ற எதையும் சிஸ்டம் நம்பாது. புது கான்ட்ராக்டர் பேர்ல உங்களைப் புதுசா சேர்க்கணும்."

"எத்தினி மழைல முட்டி வரைக்கும் தண்ணில நடந்து வந்து உனக்குச் சுக்கு காபி போட்டேன் தம்பி. அது யாரு, கான்ட்ராக்டரா?"

விஷால் லேப்டாப்பைத் திருப்பி அவள் முகத்தைப் படம் பிடித்தான். மிஷின் மறுபடி சிவந்தது. 'இந்த முகம் ஏற்கெனவே உள்ளது.'

"இப்பத்தான இல்லன்னுச்சு," என்றாள் அஞ்சலை.

பழைய பதிவு உள்ளேயே பூட்டிக் கிடக்கிறது, அதை அழித்தால்தான் புதியது ஏறும் என்றான் விஷால். திரையில் மல்லிப்பூ வைத்த பழைய அஞ்சலை இருந்தாள். கீழே அவள் வேலைக்குச் சேர்ந்த தேதி.

அந்தத் தேதிதான் அவளுக்கு எல்லாம். பத்து வருடம் தாண்டியவர்களைக் கம்பெனியே சொந்த ஆளாக எடுத்துக்கொள்ளப் போகிறது என்று மேனேஜர் ராகவன் போன மாதம்தான் அவளிடம் சொல்லியிருந்தார். பழையதை அழித்தால் தேதியும் போகும். புதியதில் இன்றைய தேதி விழும்.

"அழிக்காம அத்தயே புது கான்ட்ராக்டர் பேருக்கு மாத்த முடியாதா?"

"முடியும்க்கா. ராகவன் சார் ஓகே சொல்லணும். கீழ வரும்போதே கேட்டுட்டேன். அதெல்லாம் இழுக்கும், அழிச்சிட்டுப் புதுசா போடுன்னுட்டார்."

ஆசை காட்டினவரும் அவர்தான், அழிக்கச் சொன்னவரும் அவர்தான். திரும்பிப் போய்விடலாம், போனால் நாளைக்கு அடுப்பு எரியாது.

"அழி," என்றாள். குரல் இறங்கியிருந்தது. தங்கராஜ் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

மல்லிப்பூ வைத்தவள் போனாள். 'புதிய ஊழியரே, வருக' என்று மிஷின் பச்சையாகப் பல்லைக் காட்டியது. கதவு திறந்தது.

மூன்றாவது மாடியில் அவள் ஒவ்வொரு மேஜையாகப் போய் நின்றாள். "சார் பேரு இன்னா? காபியா, டீயா? சக்கர போடலாமா?" முதலில் எல்லோரும் சிரித்தார்கள். விஷாலிடமும் அதையே கேட்டாள். அவன் பெயரைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாக ராகவனின் அறை. கதவு திறந்தே இருந்தது.

"சார் பேரு இன்னா? சக்கர போடலாமா?"

"என்ன அஞ்சலை, விளையாட்டா?"

"இல்ல சார். நான் இன்னிக்குத்தான் சேந்தேன். எனக்கு யாரையும் தெரியாது."

ராகவனுக்குச் சுருக்கென்றது. வெளியே மொத்த மாடியும் கேட்கிற மாதிரி எரிந்து விழுந்தார். "பதினோரு வருஷமா எனக்குக் காபி போடறவ நீ. எனக்குச் சர்க்கரை ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

அஞ்சலை வெறும் தட்டை அவர் மேஜைமேல் வைத்தாள்.

"இப்ப சொன்னீங்களே, பதினோரு வருஷம்னு. கீழ வந்து அத்த அந்த மிஷினாண்ட சொல்லுங்க சார். அப்பால காபி போடறேன்."