கிடை போட்ட வயலில் அரை மூட்டை யூரியா

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த என் வீட்டுக்காரருக்கு ஒரே பிடிவாதம். சுந்தரபாண்டியபுரத்துப் பக்கம் இருக்கிற எங்கள் வயலுக்கு இனிமேல் கடையில் வாங்கும் உரமே கூடாதாம். சித்திரை வெயிலில் ஆட்டுக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து நாலு நாள் கிடை போட்டார். ஆடெல்லாம் வயலிலேயே அடைந்து கிடக்கும். விழுகிற புழுக்கையும் மூத்திரமும்தான் உரம்.

"இது சரிப்படலன்னா வயலைக் குத்தகைக்கு விட்டுருவோம்ட்டி" என்று வேறு சொல்லிவிட்டார். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் இறங்கி வேலை பார்த்த வயல். அவர் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் நான்தானே பார்த்தேன்!

நெல் நட்டு இருபது நாளில் பக்கத்து வயல்காரர் யூரியா போட்டார். அவர் பயிர் கருகருவென்று நின்றது, எங்களுடையது சோகை பிடித்தவள் மாதிரி வெளுத்து நின்றது. "கிடை உரம் மெதுவாத்தான் பிடிக்கும், பொறுட்டி" என்றார் இவர். பொறுமைக்கு நான் எங்கே போக?

பட்டாளத்துக் கூட்டாளிகளோடு அவர் குற்றாலம் ஐந்தருவிக்குக் குளிக்கப் போன அன்று, தொழுவத்தில் கட்டி தட்டிக் கிடந்த பழைய யூரியா அரை மூட்டையை உடைத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வீசி முடித்தேன். சாக்கை வைக்கோலுக்கு அடியில் திணித்தேன்.

ஒரே வாரத்தில் பயிர் கறுத்தது. மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாட்டி, கிடைன்னா கிடைதான்!" டீக்கடையில் இவர் பீற்றியதைக் கேட்டு ரெண்டு பேர் ஆட்டுக்காரரின் நம்பரை வாங்கிக்கொண்டார்களாம். நான் வயலில் இறங்கிப் பயிரைப் பிடித்துப் பார்த்தேன். மண்ணுக்குள் கிடையின் சத்து இருக்க, அதுக்கு மேல் யூரியாவும் விழுந்ததில் தழைதான் மதமதவென்று வளர்ந்தது. தாளில் பலமே இல்லை. பாவி நான், என்ன காரியம் பண்ணினேன்!

கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் சாரல் காற்றோடு வந்தது. குற்றாலத்தில் தண்ணீர் நல்லா விழுதுன்னு ஊரெல்லாம் சந்தோசம். நான் மட்டும் மலையைப் பார்த்து, சாரலே நின்னுரு, நின்னுருன்னு கும்பிட்டேன். மூன்றாம் நாள் காலையில் எங்கள் பயிர் மொத்தமும் படுத்துக் கிடந்தது. பக்கத்து வயல் அப்படியே நின்றது.

வரப்பிலேயே உட்கார்ந்து இவர் ஆட்டுக்காரருக்குப் போன் போட்டார். "கிடை சத்து ஜாஸ்தியாயிட்டு. எல்லாம் சாஞ்சிட்டு. அடுத்த வருசம் இங்கன வராதிய. மத்த ரெண்டு பேருகிட்டயும் நானே சொல்லிருதேன்."

"நாலே நாள்தான கிடந்துச்சு அண்ணாச்சி, அதுல எப்படிச் சாயும்?" அந்த மனுசன் கெஞ்சுவது எனக்கே கேட்டது. அதற்குமேல் தாங்கவில்லை.

"ஏங்க, ஆட்டு மேல பழி போடாதிய. யூரியா போட்டது நான்."

போன் அவர் காதிலேயே இருந்தது.

"வாங்க, அடுத்த வருசமும் வாங்க" என்றார் போனில். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "வயல் நம்ம கையில இருந்தா."