பீரங்கிக்குள் போன குண்டு

மாமா கொழும்பிலிருந்து வந்து இறங்கிய அன்று என்னுடைய உடுப்புப் பை ஏற்கெனவே கட்டி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு சட்டை, ஒரு பள்ளிக்கூடச் சீருடை, அப்பாவின் பழைய துவாய். கட்டியது அம்மா. நான்தான் போகமாட்டேன் என்று முதல்நாள் முழுக்க அழுதேன்.

எனக்கு அப்போது பத்து வயது. திருகோணமலைக்குக் கிட்ட, சல்லி என்ற ஊரில், கடற்கரையோரம் தகரம் போட்ட ஒரு வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பாவை, கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில், கடல் கொண்டுபோனது. வீட்டையும் சேர்த்துத்தான் கொண்டுபோனது. தண்ணீர் வடிந்தபின் வந்து பார்த்தபோது எங்கள் வளவில் மிஞ்சிக் கிடந்தவை கிணற்றுக்கட்டும் ஓர் இரும்புக் குண்டும் மட்டுமே.

அந்தக் குண்டு ஒரு காலத்தில் அப்பாவின் வலையில் வந்தது. வலையைக் கிழித்துக்கொண்டு வந்ததால் மூன்று நாள் அதை ஏசினாராம். தேங்காயைவிடச் சின்னது. ஆனால் என்னால் அதை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்க ஏலாது. அம்மா மீனுக்கு உப்பும் கொறுக்காய்ப்புளியும் போட்டுப் பீப்பாயில் அடுக்குவாள். மேலே பலகை வைத்து, பலகையில் துணிச் சும்மாடு வைத்து, அதன்மேல் இந்தக் குண்டை உட்கார்த்துவாள். அது உருளாமல் இருந்து மீனை அமுக்கிக்கொண்டிருக்கும். அந்தப் பீப்பாய்தான் எங்கள் சோறு. என் கொப்பி, பென்சிலும் அதிலிருந்துதான் வந்தன.

மாமா அம்மாவின் மூத்த அண்ணன். கொழும்பில் ஒரு கந்தோரில் எழுத்தர் வேலை. பழைய சண்டைகள், பழைய கப்பல்கள் என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார். சண்டை முடிந்து பாதைகள் திறந்த பிறகு முதல் தடவையாக மாமியோடு வாடகைக்கு வான் பிடித்து வந்திருந்தார். அவருடைய திட்டத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் படிக்க வைப்பது. மற்றது, புறப்படுமுன் எங்கள் எல்லோருக்கும் திருகோணமலையைச் சுற்றிக் காட்டுவது. திருகோணமலையில் பிறந்து அங்கேயே சண்டையில் ஒரு தடவையும் கடலில் ஒரு தடவையும் எல்லாவற்றையும் இழந்த அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் சீனன்குடா. எண்ணெய்த் தாங்கிகளுக்குக் கிட்டப் போக விடவில்லை. வேலிக்கு வெளியே வானை நிறுத்தி, மரங்களுக்கு மேலே தெரிந்த துருப்பிடித்த கூரைகளைக் காட்டி மாமா ஒரு பாடமே நடத்தினார். வெள்ளைக்காரன் கப்பலுக்கு எண்ணெய் ஊற்றியது, ஜப்பான்காரன் வானத்திலிருந்து குண்டு போட்டது எல்லாம் அவர் வாயில் நேற்று நடந்தது போல வந்தன.

திரும்பும் வழியில், வானுக்குள், மாமி என் தலையைத் தடவினார்.

"கெட்டிக்காரப் பிள்ளை. எனக்கும் குசினியிலை தனிய நிண்டு சமைச்சு ஏலாமல் கிடக்கு. ஒரு கைத்துணையாப் போச்சு."

கெட்டிக்காரப் பிள்ளை என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது கோட்டை. மாமா வாசல் வளைவைப் பார்த்தபடியே தொடங்கிவிட்டார்.

"போர்த்துக்கீசன் கட்டினான், ஒல்லாந்தன் பிடிச்சான், பிறகு பிரெஞ்சுக்காரன் பிடிச்சான், கடைசியா இங்கிலீசுக்காரன் பிடிச்சான்."

"இவங்கள் பிடிச்ச அளவுக்கு எங்கட ஆக்கள் மீன் பிடிச்சிருந்தா எல்லாரும் மாடி வீடு கட்டியிருப்பினம்" என்றாள் அம்மா.

வான் சாரதி சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

உள்ளே ஒரு மதிலோரம் கறுத்த பீரங்கி ஒன்று, வாயைச் சற்று உயர்த்திக் கடலைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. மாமா அதன் முதுகில் கையை வைத்துப் படம் பிடிக்கச் சொன்னார். அந்த நேரம் அம்மா முன்பக்கம் போய், வாய்க்குள் அடைந்திருந்த சோடாப் போத்தல் ஒன்றை இழுத்து வெளியே போட்டாள். பிறகு முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். அவளுடைய விரல்கள் வளைந்து விரிந்திருந்தன.

"என்ன, மீன் கிடக்கோ எண்டு பார்க்கிறியோ?" என்றார் மாமா.

அம்மா கையை எடுத்து, துருவைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

பிறகு உள்துறைமுகப் பக்கம் ஒரு நூதனசாலைக்குப் போனோம். நங்கூரங்கள், கப்பல் மணிகள், பழைய வரைபடங்கள். ஒரு மூலையில் கயிறு கட்டி, உள்ளே பீரங்கிக் குண்டுகளைக் கூம்பாக அடுக்கியிருந்தார்கள். மாமா கயிற்றோரம் நின்று, ஒருவன் மருந்து போட, ஒருவன் குண்டு போட, ஒருவன் நெருப்பு வைக்க என்று கையை வீசி விளங்கப்படுத்தினார். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் அம்மா சொன்னாள்:

"இது எங்கட வீட்டிலையும் ஒண்டு கிடக்கு அண்ணை."

"எது?"

"இந்தக் குண்டு. மீன் பீப்பாய்க்கு மேலை வைச்சிருக்கிறன்."

மாமா மாமியைப் பார்த்தார். மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமாவின் சிரிப்பு அந்த மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அது ஏதும் பழைய கடைத் தராசுப் படிக்கல்லா இருக்கும் பிள்ளை. உனக்கு எதைப் பார்த்தாலும் மீன் பீப்பாய்தான் ஞாபகம்."

"படிக்கல்லுக்கு அடி தட்டையா இருக்கும் அண்ணை. தட்டையா இருந்தா நான் ஏன் சும்மாடு வைக்கிறன்?"

மாமாவுக்கு அது சுருக்கென்றது. சாரதியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பீரங்கிக் குண்டு எண்டா பீரங்கிக்குள்ளை போகவேணும். காலமை கோட்டையிலை பார்த்ததுக்குள்ளை உன்ர குண்டு போகுமோ?"

"போகும்."

மாமா என் பக்கம் திரும்பினார். விடியற்காலையிலிருந்து நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது அவருக்கு அலுப்பாகியிருக்க வேண்டும்.

"இஞ்சை பார். குண்டு உள்ளை போனா நீ அம்மாவோடை இரு, நான் ஒண்டும் சொல்லமாட்டன். போகாட்டி, அழுகையை நிப்பாட்டிப்போட்டு வானிலை ஏறவேணும். சரியோ?"

நான் தலையாட்டினேன்.

"சொல்லு மாறமாட்டியளே அண்ணை?" என்றாள் அம்மா.

"நான் எப்பவாவது மாறினனானோ?"

மத்தியானம் சல்லிக்கு வந்தோம். அம்மா பீப்பாய்த் துணியை விலக்கி, குண்டைத் தூக்கி, கிணற்றடியில் சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். மாமா வாங்கிப் பார்க்க ஒற்றைக் கையை நீட்டினார். கை நிலம்வரை போய்விட்டது. வானுக்குள் மாமி மூக்கைப் பிடித்துக்கொள்ள, குண்டு என் மடியில் இருந்தது. பாதை முழுக்க நான் அதனோடு பேசிக்கொண்டு வந்தேன். முத்துமாரியம்மனுக்கும் ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

கோட்டையில் வெயில் சாய்ந்திருந்தது. கோயிலுக்குப் போகிற சனம் இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள். அம்மா குண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய், பீரங்கி வாயில் வைத்தாள். அது விளிம்பில் முட்டி நின்றது.

"போகாது" என்றார் மாமா. "நான் சொன்னனான்."

அம்மா அவசரப்படவில்லை. வாய் விளிம்பில் தடித்திருந்த ஒரு துருக்கட்டியை நகத்தால் சுரண்டி எடுத்தாள். குண்டைச் சற்றுத் திருப்பினாள். பிறகு உள்ளங்கையால் ஒரு தள்ளு.

அது போன சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மலைக்கு அப்பால் முழங்குகிற இடிபோல, கடகடவென்று உருண்டு, அடியில் போய் 'ணங்' என்று மோதியது. மதிலில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. சாரதி கை தட்டினார். நான் பீரங்கியைச் சுற்றி ஓடினேன். எத்தனை சுற்று என்று தெரியாது. ஒல்லாந்தனும் இங்கிலீசுக்காரனும் கோட்டையைப் பிடித்தபோது அவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார்களோ என்னவோ.

காவலுக்கு நின்ற ஆமிக்காரப் பெடியன் ஓடிவந்து சிங்களத்தில் என்னவென்று கேட்டான். மாமா நீட்டி விளங்கப்படுத்தினார். அவன் கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகுதான் மாமாவுக்கு ஒரு விஷயம் பட்டது.

"இனி அதை எப்படி வெளியிலை எடுக்கிறது?"

"எடுக்க ஏலாது" என்றாள் அம்மா. "வாய் மேலை பார்த்தெல்லோ கிடக்கு."

"மீனுக்கு?"

"கல்லு வைக்கலாம்."

மாமா சொல் மாறவில்லை. சல்லிக்கு வந்ததும் என் பையை அவரே வானிலிருந்து எடுத்துத் தந்தார். புறப்படும்போது, "வரலாற்றுப் பொருளாலை மீன் அமுக்கின ஒரே ஆள் உன்ர அம்மாதான்" என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மாமி மட்டும் முகம் கொடுக்கவில்லை.

எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பதினேழில் ஊரையும் விட்டேன். மன்னாரில் இறால் உரித்தேன், கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் தைத்தேன், கட்டாரில் இரண்டு வருடம் பிறர் வீட்டுக் குசினியில் நின்றேன். எதற்கும் அம்மா குறுக்கே நின்றதில்லை; நான் போக விரும்பிப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கு வரும்போதெல்லாம் கோட்டைக்குப் போய் அந்த வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பேன். குண்டு எட்டாது. ஆனால் உள்ளே விரிகிற என் விரல்கள், தினமும் அந்தக் குண்டைப் பிடித்துத் தூக்கிய அம்மாவின் விரல்கள்போலவே வளைந்து நிற்கும். அந்த வாயை அவள் அன்று காலை, பந்தயத்துக்கு முன்னமே, அப்படித்தான் அளந்திருந்தாள்.

குண்டு உள்ளே போன அன்று இரவு அம்மா என் பையை அவிழ்த்து, சட்டைகளைக் கொடியில் போட்டாள். அப்பாவின் துவாயை மட்டும் கனநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு கிணற்றடியிலிருந்து ஒரு கல்லைக் கழுவிக்கொண்டுவந்து பீப்பாயின் மேல் வைத்தாள். அண்ணன் தன் மீன் பீப்பாயைப் பற்றிச் சிரித்துவிட்டாரே என்ற ரோசத்தில்தான் அவள் பந்தயம் பிடித்தாள், அதில் என் நல்ல காலத்துக்கு நான் தப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, அவளுடைய சேலையில் துரு பட்டிருந்த இடத்தில் தலையை வைத்து நான் நித்திரையாகிப் போனேன்.